இடது சிக்னல்

பீடோரில் எனக்கு ஒழுங்காக நடக்க வரும் இடம் ஒன்றுதான்.
தபால் நிலையத்துக்கு எதிரே
பெரிய ரோட்டின் குறுக்கே போட்ட வெள்ளைக் கோடுகள்.

அதற்கு ஐந்தடி முன்னால்
ஆணி அடித்தாற்போல் நிற்பேன்.
கால் இருக்கிறது, ரோடு இருக்கிறது,
இரண்டுக்கும் நடுவில் வேலை பார்த்த யாரோ
சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவள் நான்.
விடியுமுன் செம்பனைத் தோட்டத்து முனையில்
இஞ்சினை அணைக்காமல் காத்திருப்பேன்,
ஒரு கையில் சப்பாத்தும் மறு கையில் ரொட்டியுமாய்
ஓடி வரும் பிள்ளைகளுக்காக.
முதலில் நடுங்கியது கியர் பிடி.
பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.
ஆ ஹெங் கழற்றிப் பார்த்து, மாட்டி,
ஓட்டிப் பார்த்து, காசு வேண்டாம் என்றான்.
"பஸ்ஸுக்கு ஒண்ணும் இல்லே, அக்கா."
அப்புறம் என் கையைப் பார்த்தான்.

தாப்பா ஆஸ்பத்திரி. மாத்திரை நாலு வேளை.
நடை பழக்கும் நூருல் அஸ்வானி மலாயில் சொன்னாள்:
உள்ளே அடிக்கிற தாளம் குறைந்துபோச்சு,
இனி வெளியே கடன் வாங்கணும்,
கண்ணிடம் கொஞ்சம், காதிடம் கொஞ்சம், தோலிடம் கொஞ்சம்.
கடன் எனக்குப் புதிதில்லை.
பஸ்ஸே வங்கிக் கடனில் வாங்கியதுதான்.

அன்று இரவு குப்புராஜ்
இரும்புக் கடை மஞ்சள் டேப்பை
சமையலறையிலிருந்து குளியலறை வரை ஒட்டினார்.
கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில்
என் ஒரு அடி எவ்வளவு நீளம் என்று
அன்றுதான் அளந்து பார்த்தார்.
"இவ்வளவுதானா?"
"முன்னே பெரிசா இருந்துச்சு."

கோடு இருந்தால் கால் தாண்டுகிறது.
கோடு தீர்ந்தால் தீர்ந்தது.
போனில் டிக் டிக் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தான் மகன்.
அதற்கும் நடந்தேன்,
யாரோ நாக்கைச் சொடுக்கி என்னைக் கண்டிக்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில், பஸ்ஸை வாங்கிய தம்பித்துரை
ஓட்டுநர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார விடுவார்.
இஞ்சின் உறுமும். ஸ்டியரிங் வழியாக முழங்கை வரை ஏறும்.
பெரிய நடுக்கத்துக்குள் என் சின்ன நடுக்கம்
திருவிழாவில் பிள்ளை மாதிரி தொலைந்துபோகும்.
இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கை சும்மா இருந்தது.
டாக்டரிடம் சொன்னேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

போன செவ்வாய், மழை விட்ட அந்தி.
வெள்ளைக் கோடுகளில் ராணி மாதிரி நடந்தேன்.
கடைசிக் கோடு முடிந்தது. நடைபாதைக்கு இன்னும் மூன்றடி,
வெறும் தார்.
நின்றேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஹாரன் அடித்தது.
ஹாரனுக்குக் கால் இன்னும் இறுகும், அவனுக்கு எப்படித் தெரியும்.
பின்னால் கார்கள். யாரோ சீனத்தில் என்னவோ.
அப்போது பார்த்தேன்,
லோரியின் இடது சிக்னல் ஈரத் தாரில் விழுகிறது.
ஆரஞ்சுக் கோடு. இல்லை. கோடு. இல்லை.
எத்தனை ஆயிரம் திருப்பங்களில் கேட்ட கணக்கு அது!
கோடு வந்தபோது ஒன்று.
கோடு வந்தபோது இன்னொன்று.
மூன்றாவதில் நடைபாதை.
திரும்பிக் கையைத் தூக்கினேன்,
வழி விட்டவனுக்கு டிரைவர்கள் தூக்குவதுபோல்.
அவனும் தூக்கினான்.

இன்று காலை குளியலறை வாசலில்
டேப் உரிந்த இடத்தில் மறுபடி ஆணி.
சிக்னல் அடிக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன்; உதவவில்லை.
குப்புராஜ் இழுக்கவில்லை, இழுத்தால் விழுவேன் என்று தெரியும்.
மில்லுக்குப் போட்ட கறுப்பு பூட்ஸோடு
என் காலுக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்தார்.
தாண்டு, என்றார்.

தாண்டவில்லை. மிதித்தேன். நன்றாகவே.
"வலிக்குதா?"
"கோடு எங்கேயாவது பேசுமா," என்றார்.